யூ.எம்.எல். மாதிரிகளில் உறுப்புகளைப் பொதிகளாகப் பகுத்தல்

முன்னுரை

மென்பொருளின் அமைப்பை வரைந்து காட்டுவதற்குரிய பொதுமொழியாக இன்று வழங்குவது யூ.எம்.எல். ஆகும். கிரேடி பூச், ஜேம்ஸ் ரம்பா, ஐவர் ஜேக்கப்சன் ஆகிய மூவரின் முயற்சியிலிருந்து உருவான இம்மொழி, 1997ஆம் ஆண்டில் ஓ.எம்.ஜி. அமைப்பின் தரமாக ஏற்கப்பட்டது. பத்து வகுப்புகள் மட்டுமே கொண்ட மாதிரியை எவ்விதப் பகுப்புமின்றிக் கையாளலாம். வகுப்புகள் நூற்றுக்கணக்கில் பெருகும்போது, எந்த உறுப்பு எங்கே உள்ளது என்பதே தனிச் சிக்கலாகிவிடுகிறது. பேக்கேஜ் எனப்படும் பொதி இச்சிக்கலுக்கெனவே அம்மொழியில் அமைக்கப்பட்டது. எனினும் நடைமுறையில் அது வெறும் கோப்புறையாகவே கருதப்படுகிறது; கோப்புறையைப் போல வரையப்படும் அதன் குறியீடும் இதற்கு ஒரு காரணமாகலாம். பொதி கோப்புறையிலிருந்து எங்கே வேறுபடுகிறது, பகுப்பில் நேரும் பிழை பின்னர் எவ்வாறு வெளிப்படுகிறது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

உடைமையும் பெயர்வெளியும்

ஓர் உறுப்பு ஒரே நேரத்தில் ஒரு பொதிக்கு மட்டுமே உடைமையாக இருக்க முடியும். ஆனால் அவ்வுறுப்பு எத்தனை வரைபடங்களில் வேண்டுமானாலும் தோன்றலாம். இவ்விரண்டையும் ஒன்றாகக் கொள்வதே புதிதாகப் பயில்வோர் செய்யும் முதற்பிழை. எண்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்ட் கருவியில், வரைபடத்தில் உள்ள வகுப்பைத் தேர்ந்து டிலீட் விசையை அழுத்தினால் அது அப்படத்திலிருந்து மட்டுமே நீங்கும். கண்ட்ரோல் விசையையும் சேர்த்து அழுத்தினால் மாதிரியிலிருந்தே அழியும். பொதியை அழித்தாலோ, அதற்கு உடைமையான அனைத்தும் உடன் அழியும். பிற பொதிகளிலிருந்து இறக்குமதி செய்யப்பட்டவை மட்டும் தம் இடத்தில் எஞ்சும்.

பொதி ஒரு பெயர்வெளியும் ஆகும். நூலக மேலாண்மைக்கான மாதிரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் ‘கணக்கு’ என்னும் வகுப்பு இரு இடங்களில் தேவைப்படும்: உறுப்பினரின் கணக்கு ஒன்று, தண்டத்தொகை வரவு வைக்கப்படும் நிதிக் கணக்கு மற்றொன்று. ஒரே பொதியில் ஒரே இனத்தைச் சேர்ந்த இரு உறுப்புகள் ஒரே பெயரைத் தாங்க இயலாது. தனித்தனிப் பொதிகளில் வைத்தால் ‘உறுப்பினர்::கணக்கு’, ‘நிதி::கணக்கு’ என முழுப்பெயரால் அவை வேறுபடும். முழுப்பெயரை ஒவ்வொரு முறையும் எழுதாமலிருக்கவே இறக்குமதி உறவு உள்ளது. அது இருவகைப்படும். ‘இம்போர்ட்’ என்னும் வகையில், கொண்டுவரப்பட்ட பெயர் அப்பொதியை இறக்குமதி செய்யும் மற்றவற்றுக்கும் புலப்படும். ‘ஆக்சஸ்’ என்னும் வகையில் அப்பெயர் கொண்டுவந்த பொதிக்குள்ளேயே தங்கிவிடும். பெரும்பாலான இடங்களில் பின்னதே போதுமானது. முன்னதைத் தாராளமாகப் பயன்படுத்தினால், ஒரு பெயர் எங்கிருந்து வந்தது என்று தேடுவதே வேலையாகிவிடும்.

பகுப்பின் அடிப்படை

பயன்பாட்டு நேர்வுகள் ஒரு பொதியிலும், வகுப்புகள் ஒன்றிலும், இடைமுகங்கள் ஒன்றிலுமாக இனவாரியாகப் பிரிப்பது பலரது வழக்கம். காண்பதற்கு ஒழுங்காக இருப்பினும் பயன் குறைந்த பகுப்பு இது. இரவல் விதி ஒன்று மாறினால் மூன்று பொதிகளையும் திறக்க வேண்டியிருக்கும். பலர் சேர்ந்து பணியாற்றும் இடத்தில், பொதிவாரியாகப் பூட்டித் திருத்தும் முறை இருக்குமாயின், ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்கவும் நேரும்.

இவ்வினாவின் வேர் யூ.எம்.எல்.லுக்கும் முற்பட்டது. டேவிட் பார்னாஸ் 1972இல் வெளியிட்ட கட்டுரையில், சொல்லடைவு தயாரிக்கும் ஒரு சிறு நிரலை இருவகையாகப் பகுத்துக் காட்டினார். முதலாவது, செயல் நிகழும் வரிசைப்படி அமைந்தது: உள்ளீடு, சுழற்றல், அகரவரிசைப்படுத்தல், வெளியீடு என்பதாக. இரண்டாவது, மாறக்கூடிய ஒவ்வொரு முடிவையும் ஒரு பகுதிக்குள் மறைத்துவைப்பது. வரிகளை நினைவகத்தில் சேமிக்கும் முறையை மாற்றினால், முதற்பகுப்பில் எல்லாப் பகுதிகளும் திருத்தப்பட வேண்டும். இரண்டாவதில் அம்மாற்றம் ஒரே பகுதிக்குள் அடங்கிவிடுகிறது. ஒரே காரணத்தால் மாறுபவற்றை ஒரே பொதியில் வைக்க வேண்டும் என்று பிற்காலத்தில் ராபர்ட் மார்ட்டின் கூறிய நெறியும் இதனோடு ஒத்துச் செல்வதே.

சார்புச் சுழல்

பொதிகளுக்கிடையிலான சார்பு, முறிகோட்டு அம்புக்குறியால் காட்டப்படும். இவ்வம்புகள் சுழலாக அமைதல் கூடாது என்பது மார்ட்டின் வகுத்த மற்றொரு நெறி. நூலக மாதிரியில் ‘இரவல்’ பொதி ‘உறுப்பினர்’ பொதியைச் சார்ந்திருப்பது இயல்பு. நூலைத் திருப்பித் தராதவர் உறுப்பினர் பதிவை முடித்துக்கொள்ளலாகாது என்னும் விதி பின்னர் சேர்க்கப்படுவதாகக் கொள்வோம். அதை உறுப்பினர் வகுப்பிலேயே எழுதினால், அவ்வகுப்பு இரவல் விவரத்தை நாட வேண்டியதாகிறது, சுழல் பிறந்துவிடுகிறது. அதன்பின் எதையும் தனித்துச் சோதிக்கவோ, வேறொரு திட்டத்தில் மீண்டும் பயன்படுத்தவோ இயலாது. பெயரளவில் இரு பொதிகள், செயலளவில் ஒன்றே.

இதற்குத் தீர்வுகள் உள. ‘நிலுவை காட்டி’ என்றோர் இடைமுகத்தை உறுப்பினர் பொதியில் வைத்து, அதை இரவல் பொதியிலுள்ள வகுப்பு நிறைவேற்றுமாறு செய்யலாம். அப்போது அம்புகள் அனைத்தும் ஒரு திசையிலேயே செல்லும். அல்லது, பதிவு முடிக்கும் விதியை மூன்றாவது பொதி ஒன்றில் வைத்து, அது இரண்டையும் சார்ந்திருக்கச் செய்யலாம். இத்தகைய சிறிய மாதிரிக்குப் பின்னதே எளிது. இடைமுகம் இங்குச் சற்று மிகையான ஏற்பாடு. இரு பொதிகளும் எப்போதும் சேர்ந்தே மாறுகின்றன எனில், அவற்றை ஒன்றாக இணைத்துவிடுவதில் இழுக்கொன்றுமில்லை.

சார்பின் திசையை மதிப்பிட மார்ட்டின் ஓர் அளவையும் தந்துள்ளார். ஒரு பொதி சார்ந்திருக்கும் வெளி வகுப்புகளின் எண்ணிக்கையை, அதனோடு அப்பொதியைச் சார்ந்திருக்கும் வெளி வகுப்புகளின் எண்ணிக்கையைக் கூட்டிவரும் தொகையால் வகுப்பதே அது. உறுப்பினர் பொதி 2 வெளி வகுப்புகளைச் சார்ந்து, 6 வெளி வகுப்புகள் அதனைச் சார்ந்திருந்தால் மதிப்பு 0.25 ஆகும். மதிப்பு 0-ஐ நெருங்க நெருங்க, அப்பொதியை மாற்றுவது பலரைப் பாதிக்கும். எனவே அம்புகள் உயர்ந்த மதிப்பிலிருந்து தாழ்ந்த மதிப்பை நோக்கிச் செல்ல வேண்டும். வரையப்படாமல் விடுபட்ட உறவுகள் இக்கணக்கில் சேரா என்பதால், நிரலிலிருந்து மாதிரியை மீட்டெடுத்து அதன்மேல் கணக்கிடுவதே நம்பத்தக்கது.