பட்டினி கிடந்தாலும் கரையாத கொழுப்பு

இடுப்புக்கு மேலே ஒல்லியான உடல். கீழே இரண்டு கால்களும் ஒரே மாதிரி பருத்திருக்கும். கணுக்காலோடு அந்தப் பருமன் வெட்டினாற்போல் நின்றுவிடும். பாதத்தில் வீக்கம் இருக்காது. அழுத்தினால் வலிக்கும், லேசாக இடித்துக்கொண்டாலே ரத்தம் கட்டும். இதுதான் லிப்பிடீமா. யானைக்கால் நோயில் பாதமும் சேர்ந்து வீங்கும், இதில் அப்படியில்லை.

அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் ஆலனும் ஹைன்ஸும் 1940-லேயே இதை விவரித்துவிட்டார்கள். ஏறக்குறைய பெண்களுக்கு மட்டுமே வரும் நோய். பூப்பெய்தும் வயதிலோ கர்ப்ப காலத்திலோ தலைகாட்டும். இன்றும் பலருக்குக் கிடைப்பது "வாயைக் கட்டுங்கள், நன்றாக நடங்கள்" என்ற அறிவுரைதான். ஆண்களுக்கு வரும் நோயாக இருந்தால் இவ்வளவு அலட்சியம் இருந்திருக்குமா?

இந்தக் கொழுப்பை எடுக்கச் செய்யும் அறுவை சிகிச்சை லைப்போசக்‌ஷன். உப்புநீரில் மரப்பு மருந்தும் அட்ரினலினும் கலந்து தோலுக்கடியில் நிரப்புகிறார்கள். அட்ரினலின் ரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் ரத்த இழப்பு குறையும். பிறகு மெல்லிய குழாயை விட்டு, நிணநீர்க் குழாய்கள் சேதமாகாமல் கொழுப்பை உறிஞ்சுகிறார்கள். ஒரே தடவையில் முடிகிற வேலையில்லை. தொடை, கெண்டைக்கால், கை என்று பிரித்துப் பல முறை செய்யவேண்டியிருக்கும்.

அறுவை சிகிச்சைக்குப் பின் முதல் ஓரிரு நாள் துளைகள் வழியே நீர் கசிந்துகொண்டே இருக்கும். படுக்கை நனைவதைப் பார்த்துப் பயந்துவிடக் கூடாது. வீக்கமும் மரமரப்பும் அடங்க மாதங்கள் ஆகலாம். இறுக்கமான அழுத்த உடையை வாரக்கணக்கில் போட்டிருக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் அது தனித் தண்டனை. ரத்த உறைவு, தொற்று போன்ற அபாயங்களும் உண்டு. கெண்டைக்கால் திடீரென்று வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

பலன்? பலருக்கு வலியும் ரத்தக்கட்டும் வெகுவாகக் குறைகின்றன, நடை எளிதாகிறது. சினிமா நடிகையின் கால்களை எதிர்பார்த்துப் போகிறவர் ஏமாறுவார். தோல் தொய்யலாம். நோய் வேரோடு போவதில்லை. சிலர் அழுத்த உடையைத் தொடர்ந்து அணிய நேரும்.

ஜெர்மனியில் 2020 முதல் நோய் முற்றிய மூன்றாம் நிலையில் இருப்பவர்களுக்கு மட்டும் அரசுக் காப்பீடு இந்த அறுவை சிகிச்சைச் செலவை ஏற்றது. முற்றிய பிறகு வா என்பது என்ன நியாயம்? 2025 ஜூலையில், எல்லா நிலைக்கும் அந்தச் செலவைத் தரலாம் என்று, காப்பீட்டில் எவை சேரும் என்பதைத் தீர்மானிக்கும் அந்நாட்டுக் குழு முடிவெடுத்தது. நிபந்தனை உண்டு: ஆறு மாதம் அழுத்த உடை உள்ளிட்ட சிகிச்சை எடுத்தும் குணம் தெரியாமல் இருக்க வேண்டும், உடல் நிறை குறியீடு 35-ஐத் தாண்டியவர்களுக்கு முதலில் உடல் பருமனுக்குத்தான் சிகிச்சை.