மாணாக்கருக்குச் சலுகை விலையிற் கணினி

வாவிக்கு மேற்கே, படுவான்கரையிலே, கொக்கட்டிச்சோலையைச் சூழ்ந்த ஊர்களில் ஒரு பிள்ளைக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைத்தவுடன் வீட்டில் எழும் முதற் கேள்விகளுள் ஒன்று, மடிக்கணினி வாங்குவது எங்ஙனம் என்பதாகும். வயல் விளைச்சலை நம்பி வாழும் குடும்பத்துக்கு அது சிறு செலவன்று. "மாணவர்க்குச் சலுகை விலை" என்னும் விளம்பரம் கண்ணிற் பட்டால் மனம் அதன்பாற் செல்வது இயல்பே. அச்சலுகையின் தன்மை யாதென நேயர்களுக்கு விளக்க விரும்புகின்றேன்.

பிள்ளைகள்மேற் கொண்ட அன்பினால் மாத்திரம் வணிகர் விலையைக் குறைப்பதில்லை. 1984 சனவரியில் அமெரிக்காவின் அப்பிள் நிறுவனம் மக்கின்டோஷ் கணினியை 2,495 டொலர் விலையில் வெளியிட்டது. அதே ஆண்டில் 24 பல்கலைக்கழகங்களோடு உடன்படிக்கை செய்து, அங்குப் பயில்வோர்க்கு அதனை ஏறத்தாழ 1,000 டொலருக்கு வழங்கியது. பிலடெல்பியா நகரின் திரெக்செல் பல்கலைக்கழகமோ, புதிதாய்ச் சேரும் மாணவர் ஒவ்வொருவருக்கும் கணினி வேண்டும் என்றே விதித்திருந்தது. இருபது வயதில் ஒரு பொறியிற் பழகிய கை, உழைக்கத் தொடங்கிய பின்னரும் அதனையே நாடும் என்பது வணிகர் கணக்கு. இதனை வஞ்சகம் என்று கூறேன். கொடுப்பவன் நோக்கம் அறிந்து வாங்குதல் நன்று என்பேன்.

தமிழ்நாட்டரசு மேற்கொண்ட வழி வேறு. 2011இல், முதலமைச்சர் ஜெயலலிதா காலத்தில், அரசினர் பள்ளி, உதவி பெறும் பள்ளி மாணவர்க்கு மடிக்கணினியை விலையின்றி வழங்கும் திட்டம் அங்குத் தொடங்கிற்று. எல்காட் என்னும் அரசு நிறுவனம் கேள்விப்பத்திரம் கோரி இலட்சக்கணக்கில் வாங்கியது. மொத்தமாய் வாங்குவோனுக்கு விற்பவன் இறங்கிவருவான். தனியே கடைக்குச் செல்லும் தந்தைக்கு அவ்வலிமை ஏது?

இனி நம்மூர் நிலையைப் பார்ப்போம். கனடாவிலோ இங்கிலாந்திலோ வாழும் மாமனார் ஒருவர், தம் மகனின் மாணவர் அட்டையைக் காட்டிச் சலுகை விலையில் வாங்கி அனுப்புவதுண்டு. சலுகை அம்மாணவனுக்கே உரியது என்பது பொதுவான நிபந்தனை. அதனை மீறிப் பெறும் இலாபத்தை நான் விரும்பேன். அன்றியும், அங்கு அளித்த உத்தரவாதம் இங்குச் செல்லாது போகவுங் கூடும்.

தவணை முறையிலே கவனம் மிக வேண்டும். இரண்டு இலட்சம் ரூபா விலையுள்ள கணினிக்குப் பத்து விழுக்காடு கழிவு என்று கொள்வோம். விலை 1,80,000 ஆகின்றது. மாதம் 17,500 வீதம் 12 மாதம் செலுத்தினால் மொத்தம் 2,10,000. கழிவு போயிற்று; மேலும் 10,000 ரூபா கையைவிட்டுப் போயிற்று! தாயின் நகையை அடகு வைத்து முதற் தவணை கட்டுவோர் இக்கூட்டலை வீட்டிலேயே செய்து பார்த்தல் வேண்டும். பழைய வகைப் பொறியே "மாணவர் சலுகை" என்ற பெயரில் வருவதுமுண்டு. ஆதலால் அதே வகை வேறிரு கடைகளில் என்ன விலை என்று விசாரித்தறிக. எழுத்து மென்பொருளுக்கெனத் தனிப்பணம் கேட்டாற் பொறுத்திருங்கள். கல்வி நிறுவனம் வழங்கும் மின்னஞ்சல் முகவரி உள்ளோர்க்கு மைக்ரோசொப்ற் நிறுவனம் இணையவழிப் பயன்பாட்டை விலையின்றி அளிக்கின்றது. பல்கலைக்கழகத்தில் முதலிற் கேட்டறிதல் தகும்.

மண்முனைத் துறையில் 2014இற் பாலம் திறக்கப்பட்டபின் மட்டக்களப்பு நகருக்கு நாம் படகுப்பாதைக்குக் காத்திருப்பதில்லை. ஆயினும் பழுதுபார்க்கும் நிலையம் கொழும்பில் இருக்குமாயின், இரவுப் பயணச் செலவும் கணினியின் விலையோடு சேரும். அந்நிலையம் எங்குள்ளது, உத்தரவாதம் எத்தனை மாதம் என்பவற்றைக் கடைக்காரரிடம் பற்றுச்சீட்டிலேயே எழுதுவித்து, ஒப்பமும் பெற்றுக்கொள்ளுங்கள்.