மாயக் கதைகளும் மறைபொருளும்

சொல்லின் புறத்தே தோன்றும் பொருளோடு அமையாது, அதன் அகத்தே பிறிதொரு பொருளை நாடுதல் மாந்தர் இயல்பு. அரக்கரும் மந்திரவாதிகளும் நடக்கும் மரங்களும் வரும் மாயக் கதைகளைப் படிக்குமிடத்து இந்நாட்டம் மிகும். உலகில் இல்லாத ஒன்றை ஆசிரியன் வீணே கூறான். உள்ள ஏதோவொன்றை அதனுள் மறைத்திருத்தல் வேண்டும் என வாசகர் எண்ணுவர். இவ்வெண்ணம் எவ்விடத்துப் பொருந்தும், எவ்விடத்து வழுவும் என்பது ஆராயற்பாலது.

தமிழர்க்கு இத்துறை புதிதன்று. உள்ளுறையுவமத்தை வகுத்த தொல்காப்பியர், தெய்வம் ஒழிந்த கருப்பொருள்களே அதற்கு நிலைக்களன் என்றார். கட்டறுத்து, வேலி கடந்து, பொய்கையிற் புகுந்து தாமரையை மேயும் எருமை, இல்லறக் கட்டைக் கடந்து பரத்தையர் சேரி புகுந்த தலைவனைக் குறிக்கும். கட்டுக்குக் கட்டும் பொய்கைக்குச் சேரியுமாகச் சொல்லியதும் சொல்லாததும் ஒத்து முடிதலாலேயே இது கற்றோரால் உள்ளுறை எனக் கொள்ளப்படுகின்றது.

இவ்வளவுகோலுக்கு அமைந்த சிறந்த சான்று கந்தபுராணம். சூரபன்மனை ஆணவமாகவும் சிங்கமுகனைக் கன்மமாகவும் தாரகனை மாயையாகவும் கொள்வது சைவர் மரபு. தாரகன் முதலிலும் சிங்கமுகன் பின்னரும் மடிகின்றனர். இறுதிவரை நின்று பொருபவன் சூரன். மாமரமாகி நின்ற அவனை வேல் பிளந்தபோது அவன் மாளவில்லை. மயிலும் சேவலுமாகி முருகனுக்கு ஊர்தியும் கொடியும் ஆயினான். ஆணவம் அழிவதன்று, வலியடங்குவதே என்பது சித்தாந்தம். கதையின் முடிவும் கொள்கையின் முடிவும் ஒன்றாதலின் இப்பொருள் வலிந்து புகுத்தியதன்று என்க.

இனி மேனாட்டு மாயக் கதைகளை நோக்கின், 1900 இல் பிராங்க் போம் எழுதிய ‘ஓஸ்’ நாட்டு மந்திரவாதியின் கதை நினைவுக்கு வரும். அதிலே ஒரு சிறுமி வெள்ளிக் காலணி அணிந்து மஞ்சட் செங்கற் பாதையில் நடக்கின்றாள். 1964 இல் ஹென்றி லிற்றில்பீல்ட் என்னும் அமெரிக்கப் பள்ளியாசிரியர், பாதை பொன் நாணய முறையென்றும், காலணி வெள்ளி நாணயக் கோரிக்கையென்றும், வைக்கோற் பொம்மை உழவரென்றும், தகர மனிதன் ஆலைத் தொழிலாளியென்றும் விளக்கினார். அவ்விளக்கம் வரலாறு கற்பிக்கப் பெரிதும் உதவியது. ஆயினும் போம் அக்கருத்தோடு எழுதினார் என்பதற்கு ஆதாரமில்லை எனப் பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டார். பொருத்தம் அழகாயிருத்தல் மட்டும் சான்றாகாது என்பது இதனாற் பெறப்படும்.

டோல்கீன் 1954, 1955 ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ‘த லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்’ நாவலில், உடையோனைக் கெடுக்கும் மோதிரம் ஒன்று வருகின்றது. அதனை அணுகுண்டு என்றனர் பலர். ஆயின் அம்மோதிரம் 1937 இல் வெளிவந்த ‘த ஹொபிட்’ நூலிலேயே தோன்றியது. அணுகுண்டு வீழ்ந்ததோ 1945 இல். இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் இவ்விளக்கங்களை மறுத்த டோல்கீன், நுட்பமான வேறுபாடு ஒன்றைக் காட்டினார். மறைபொருள் என்பது ஆசிரியன் வாசகன்மேற் செலுத்தும் ஆட்சி. பொருத்திக் காண்டல் என்பது வாசகனுக்குரிய சுதந்திரம்.

இவ்வேறுபாட்டை விளக்கப் பூண்டுலோயாவே போதும். அங்கே டன்சினன் என்னும் தேயிலைத் தோட்டமும் அப்பெயரால் வழங்கும் அருவியும் உள. டன்சினன் ஸ்கொத்லாந்திலுள்ள ஒரு குன்றின் பெயர். பேர்ணம் காடு டன்சினன் குன்றுக்கு வரும்வரை தோல்வியில்லை என்ற வாக்கை நம்பிக் கெட்டவன் சேக்ஸ்பியரின் மக்பெத். நாடகத்திலே காடு வரவில்லை. போர்வீரர் கிளைகளை வெட்டிச் சுமந்து வந்தனர். பள்ளிப் பருவத்தில் இது கண்டு ஏமாற்றமடைந்ததன் பயனே தம் நாவலில் மரமாந்தர் எழுந்து செல்வது என டோல்கீன் 1955 இல் ஒரு கடிதத்திற் குறித்தார். உலைக்களத்துக்காக மரங்களை வெட்டிய சருமனின் கோட்டையை அம்மரமாந்தர் தகர்க்கின்றனர்.

மலையக வாசகன் ஒருவனுக்கு இவ்விடத்தில் வேறொன்று தோன்றுதல் இயல்பே. இம்மலைகளின் காடுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பிக்காக அழிக்கப்பட்டன. 1869 இல் தோன்றிய இலைநோயாற் கோப்பி வீழ்ந்தபின் தேயிலை பரவிற்று. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் அம்மலைகளில் உழைத்தனர். தோட்டத்தின் பெயரோ ஸ்கொத்லாந்திலிருந்து வந்தது. கிளை சுமந்த வீரர் பெயரை நாடகம் கூறாதவாறே, கொழுந்து சுமந்தோர் பெயரை இம்மலையும் கூறவில்லை.

இப்பொருத்தம் மெய்யானது. எனினும் இதனைச் சேக்ஸ்பியரோ டோல்கீனோ மறைத்து வைத்தார் எனல் பிழை. நூல் தரும் குறிப்பும், உறுப்புகளின் ஒப்புமையும், காலமும் இசையுமிடத்தே அதனை ஆசிரியன் உள்ளுறை எனல் தகும். இசையாவிடத்து வாசகன் கண்ட பொருத்தம் எனலே நேர்மை. இது நூலுக்கு மட்டும் செய்யும் நீதியன்று. தன் மண்ணின் வரலாற்றைப் பிறர் நூலின் மறைபொருளாக்குவோன், அவ்வரலாற்றைக் கூறும் கடமையையும் பிறர்க்கே விட்டுவிடுகின்றான். தான் கண்டதைத் தன்னதென்றே கூறுவோன் அதனை எழுதும் பொறுப்பையும் ஏற்பான். மலையக மாணவர்க்கு மாயக் கதைகள் தரத்தக்க பெரும்பயன் இதுவேயாம்.