வீட்டுக் காவல் நாய்: கடியைத் தவிர்த்தலும், கடித்தபின் செய்ய வேண்டியவையும்

இராசபாளையம், கோம்பை ஆகிய இரண்டும் தமிழ்நாட்டின் புகழ்பெற்ற நாட்டு நாய் இனங்கள். முன்னது விருதுநகர் மாவட்டத்தையும் பின்னது தேனி மாவட்டத்தையும் சேர்ந்தவை. வேட்டைக்கும் காவலுக்கும் பல தலைமுறைகளாக வளர்க்கப்பட்டதால், அயலாரை ஐயுறுவதும் தம் எல்லையைக் காப்பதும் இவற்றின் இயல்பு. தோட்டத்தில் உதவிய இந்த இயல்பே, பலர் வந்து செல்லும் நெருக்கமான வீட்டில் காயத்துக்குக் காரணமாகலாம்.

கடி எப்போது நேர்கிறது?

உண்ணும்போதும், உறங்கும்போதும், குட்டிகளுடன் இருக்கும்போதும், வலியால் துன்புறும்போதும் பழகிய நாயும் கடிக்கக்கூடும். நாள் முழுவதும் கட்டிவைக்கப்பட்ட நாய் எளிதில் சினம் கொள்ளும். வெண்ணிற நாய்களுள் சில பிறவியிலேயே காது கேளாதவை. அவற்றைப் பின்புறமிருந்து தொட்டால் திடுக்கிட்டுக் கடிக்கலாம். சிறு குழந்தையின் முகம் நாயின் வாய்க்கு நேராக இருப்பதால், குழந்தைகளுக்குத் தலையிலும் முகத்திலும் கழுத்திலும் காயம் ஏற்படுகிறது. இவை மூளைக்கு அருகில் உள்ளதால் மிகவும் ஆபத்தானவை.

வீட்டில் கடைப்பிடிக்க வேண்டியவை

• குழந்தையை நாயுடன் தனியே விடாதீர்கள்.
• விருந்தினர் வரும்போது நாயைத் தனி அறையிலோ கூண்டிலோ வையுங்கள்.
• குட்டிப் பருவத்திலேயே மனிதர்களுடன் பழக்குங்கள், அடித்து வளர்க்காதீர்கள்.
• நாள்தோறும் நடைப்பயிற்சி அளியுங்கள். வெளியே செல்லும்போது கழுத்துப்பட்டை, கயிறு, வாய்மூடி ஆகியவற்றைப் பயன்படுத்துங்கள். கயிற்றைச் சிறுவர்களிடம் கொடுக்காதீர்கள்.
• குட்டிக்கு 3 மாத வயதில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, கால்நடை மருத்துவரின் அறிவுரைப்படி ஊக்கத் தவணையும், பின்னர் ஆண்டுதோறும் தடுப்பூசியும் போடுங்கள்.

கடித்துவிட்டால்

காயத்தை உடனே ஓடும் நீரிலும் சோப்பிலும் 15 நிமிடங்கள் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, எண்ணெய் எதையும் தடவாதீர்கள். காயத்தை இறுக்கிக் கட்டாமல் அன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ செல்லுங்கள்.

தோலுக்குள் செலுத்தும் தடுப்பூசி 0, 3, 7, 28 ஆகிய நாள்களில் போடப்படும். முதல் ஊசி போடும் நாளே 0. தோலைத் துளைத்த காயமாயின், காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் மருந்தும் செலுத்தப்படும். தனுர்வாதத் தடுப்பூசியும் தேவைப்படலாம்.

"எங்கள் வீட்டு நாய்தானே, அதற்குத் தடுப்பூசி போட்டிருக்கிறோமே!"

மருத்துவர்களாகிய நாங்கள் அடிக்கடி கேட்கும் சொற்கள் இவை. நாய்க்குப் போட்ட தடுப்பூசி உங்களுக்கான சிகிச்சை ஆகாது. தவணை தவறியிருக்கலாம்; தெருநாயுடன் சண்டையிட்டதை நீங்கள் அறியாதிருக்கலாம். வெறிநோயின் அறிகுறிகள் தோன்றியபின் உயிர் பிழைப்பது மிக மிக அரிது. அதற்கு முன் முறையாகச் சிகிச்சை பெற்றால் நோயைத் தடுத்துவிடலாம். ஆகவே சிகிச்சையை முதலில் தொடங்குங்கள். நாயைக் கொல்லவோ விரட்டவோ வேண்டாம். 10 நாள்கள் கண்காணியுங்கள். அது நலமாக இருந்தால், எஞ்சிய தவணைகள் குறித்து மருத்துவர் முடிவு செய்வார்.

உங்களைக் காப்பதற்காக வளர்க்கப்படும் நாயிடமிருந்து குடும்பத்தையும் அயலாரையும் காப்பது உங்கள் பொறுப்பு. ஆலோசனைக்கு 104, அவசர ஊர்திக்கு 108 ஆகிய எண்களை அழையுங்கள்.