லோஸ் அல்கோர்னோகாலெஸ் தக்கை ஓக் காடு

லோஸ் அல்கோர்னோகாலெஸ் என்பது ஸ்பெயின் நாட்டின் தென்கோடியில், அந்தலூசியாவின் காடிஸ், மாலகா மாகாணங்களில் பரவியுள்ள பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பூங்கா ஆகும். ஏறத்தாழ 1,70,000 ஹெக்டேர் பரப்புள்ள இது 1989ஆம் ஆண்டு இயற்கைப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. தக்கை ஓக் மரத்துக்கு ஸ்பானிய மொழியில் 'அல்கோர்னோக்கே' என்று பெயர். பூங்காவின் பெயருக்கு 'தக்கை ஓக் தோப்புகள்' என்பது பொருள்.

இக்காட்டுக்குள் முதன்முறை செல்பவரின் கண்ணில் உடனே படுவது மரங்களின் இரட்டை நிறம். மேற்கிளைகளில் சொரசொரப்பான சாம்பல் நிறப் பட்டை இருக்கும்; அடிமரமோ மேலுறை உரிக்கப்பட்டுச் செம்பழுப்பாக நிற்கும். மரத்துக்கு ஏதோ நோய் என்று எண்ணத் தோன்றும். உண்மையில் அது அறுவடையின் அடையாளம்.

பட்டை உரித்தல்

பொதுவாக ஒரு மரத்தின் பட்டையைச் சுற்றிலும் உரித்துவிட்டால், உணவைக் கடத்தும் ஃபுளோயம் திசு அறுபட்டு மரம் பட்டுப்போகும். தக்கை ஓக்கில் வெளிப்புறத் தக்கை மட்டும் தனியே பிரிந்து வருகிறது. உயிருள்ள உட்பட்டை மரத்தோடு நிற்கிறது. அதில் புதிய தக்கை கேம்பியம் தோன்றி மீண்டும் தக்கையை உண்டாக்குகிறது.

மரம் சுறுசுறுப்பாக வளரும் கோடை மாதங்களில்தான் தக்கை எளிதில் கழலும். தொழிலாளர்கள் கோடரியால் தக்கையில் மட்டும் கீறலிட்டு, காம்பின் சீவிய முனையால் நெம்பி, பலகை பலகையாகப் பெயர்த்தெடுப்பர். வெட்டு சற்றே ஆழமானாலும் உட்பட்டை காயப்படும். அவ்விடத்தில் பிறகு நல்ல தக்கை வளராது. இன்றளவும் இது பெரும்பாலும் கைவேலையாகவே நீடிப்பதில் வியப்பில்லை. வண்டி ஏறாத சரிவுகளிலிருந்து கோவேறு கழுதைகள் தக்கையைச் சுமந்து இறக்குகின்றன.

மரத்துக்கு 25 வயதாவது ஆன பின்பே முதல் உரிப்பு. பிறகு சுமார் 9 ஆண்டுகளுக்கு ஒருமுறை உரிப்பர். முதலிரு உரிப்புகளில் கிடைக்கும் தக்கை ஒழுங்கற்றது. ஒயின் புட்டிகளை அடைக்கத் தகுந்தது மூன்றாம் உரிப்பிலிருந்தே கிடைக்கும். அதாவது, மரம் நட்டவர் 40 ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டும். பலன் பெரும்பாலும் அவருடைய பிள்ளைகளுக்கே.

(உயிரியல் மாணவர்களுக்கு இத்தக்கை அந்நியமானதன்று. 1665இல் ராபர்ட் ஹூக் நுண்ணோக்கியில் பார்த்து 'செல்' என்று பெயரிட்டது தக்கைச் சீவலில் இருந்த வெற்று அறைகளைத்தான்.)

காட்டைக் காத்து நிற்பதும் இத்தொழில்தான். மரம் நின்றால் வருமானம் உண்டு என்பதால் அதை வெட்ட எவரும் விரும்புவதில்லை. கீழே புதர் மண்டாமலும் பார்த்துக்கொள்கின்றனர். பிளாஸ்டிக் அடைப்பான்களும் திருகு மூடிகளும் பெருகி தக்கைக்கு விலை குறைந்தால், அந்தக் கவனிப்பும் குறையும்.

கனூத்தோக்கள்

பூங்காவின் ஆழமான, குறுகிய ஓடைப் பள்ளத்தாக்குகளைக் 'கனூத்தோ' என்பர். கிழக்கிலிருந்து வீசும் லெவாந்தே காற்று கடல் ஈரத்தைக் கொண்டுவந்து மலைகளில் மூடுபனியாகச் சேர்ப்பதால், வறண்ட கோடையிலும் இங்கே ஈரம் வற்றுவதில்லை. பனியூழிகளுக்கு முன் இப்பகுதியில் பரவியிருந்த ஈரக்காட்டின் எச்சங்களாகச் சில தாவரங்கள் இப்பள்ளத்தாக்குகளில் தப்பிப் பிழைத்துள்ளன. அவற்றுள் ஒன்று, இளவேனிலில் ஊதா கலந்த இளஞ்சிவப்பாகப் பூக்கும் ரோடோடெண்ட்ரான். நீலகிரிச் சோலைகளில் செந்நிறமாகப் பூக்கும் ரோடோடெண்ட்ரானும் இதே பேரினத்தைச் சேர்ந்ததே.

செல்வோர் கவனத்திற்கு

சில நடைபாதைகளில் செல்ல முன்அனுமதி வேண்டும். தீ அபாயம் மிகுந்த கோடையில் சில பாதைகள் மூடப்படலாம். தடித்த தக்கை மரத்தைத் தீயிலிருந்து காக்கும் கவசம். அண்மையில் உரிக்கப்பட்ட மரத்துக்கோ அக்கவசம் கிடையாது.

பாதையை விட்டு விலகி நடப்பதும் கூடாது. 'லா செகா' எனப்படும் வாடல் நோய் இங்குள்ள ஓக் மரங்களைப் பட்டுப்போகச் செய்து வருகிறது. அதன் முக்கியக் காரணிகளுள் ஒன்றான ஃபைட்டோப்தோரா சின்னமோமி, வேரை அழுகச் செய்யும் நுண்ணுயிரி. ஈர மண்ணில் வாழ்வது. நோயுற்ற மரத்தடியில் காலணியில் ஒட்டும் சேறே அதை அடுத்த பள்ளத்தாக்குக்குக் கொண்டுபோகப் போதும். ஆகவே நடைப்பயணத்துக்கு முன்னும் பின்னும் காலணியின் அடிப்பகுதியைச் சுரண்டிக் கழுவுவது நல்லது.