வேருக்கும் மூச்சு வேண்டும்

எங்கள் வீட்டு முன்புறத்தில் கார் நிறுத்தும் இடம் போக மிஞ்சியது நான்கடி மண்தான். அதில் ஒரு பவளமல்லி நிற்கிறது. தோட்டப்புற வீட்டை இடிப்பதற்கு முன் பாட்டி அங்கிருந்த மரத்தில் ஒரு குச்சியை ஒடித்து, மைலோ டின்னில் நட்டுக் கொண்டு வந்தார். தாய்மரம் இப்போது இல்லை. இருப்பது இது ஒன்றுதான்.

நான் மூன்றாம் படிவம் படித்தபோது பாட்டி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். "கன்னுக்குத் தண்ணி ஊத்த மறந்துடாதமா" என்றார். நான் மறக்கவே இல்லை. அப்போது அது பூந்தொட்டியில் இருந்தது. காலையில் ஒரு வாளி, மாலையில் ஒரு வாளி. மழை பெய்த நாளிலும் ஊற்றினேன்.

இரண்டே வாரத்தில் இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். கிளைநுனிகள் தொங்கின. பயந்துபோய்த் தொட்டியைக் கவிழ்த்தேன். மண் சேறாக நாறியது. வேர்களில் பாதி பழுப்பாகிக் குழைந்திருந்தன.

தாவரத்தின் எல்லா உயிரணுக்களுக்கும் சுவாசிக்க ஆக்சிஜன் தேவை என்று தேர்வில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள் நான். மண்துகள்களுக்கு இடையே உள்ள காற்றைத்தான் வேர் சுவாசிக்கிறது. அந்த இடத்தைத் தண்ணீர் நிரப்பிவிட்டால் வேர் மூச்சுமுட்டி அழுகும். பிறகு, சுற்றிலும் தண்ணீர் இருந்தாலும் அதனால் உறிஞ்ச முடியாது. எழுதத் தெரிந்தது, வாளியைத் தூக்கும்போது நினைவுக்கு வரவில்லை.

அழுகிய வேர்களை வெட்டினேன். மண்ணோடு மணலும் மக்கிய இலையும் கலந்து, வெயில் படும் அந்த நான்கடி மண்ணில் சற்று மேடாக்கி நட்டேன். ஏடிஸ் கொசுவுக்கும் இடம் தரக்கூடாதென்று தொட்டித் தட்டைத் தூக்கிப் போட்டேன். அதன்பிறகு விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, மேல்மண் காய்ந்திருந்தால் மட்டுமே தண்ணீர். ஒரு மாதத்தில் புதுத்துளிர் வந்தது.

பவளமல்லியை விட்டால் 10 மீட்டர் வரைகூட உயரும். பூத்து ஓய்ந்ததும் கிளைகளை வெட்டிவிட்டால் சின்ன வீட்டுக்கும் அடக்கமாக இருக்கும். புதுக்கிளைகளில் மீண்டும் பூக்கும். இலையைத் தடவினால் உப்புத்தாள் போல் சொரசொரக்கும். வெள்ளை இதழுக்குக் கீழே உள்ள ஆரஞ்சுக் காம்பிலிருந்து அந்தக் காலத்தில் பட்டுக்குச் சாயம் எடுத்தார்கள். அந்தி சாய்ந்ததும் மலர்ந்து, விடியும்போது உதிர்ந்துவிடுவதால்தானோ என்னவோ, இதன் அறிவியல் பெயரில் 'சோக மரம்' என்று பொருள்படும் லத்தீன் சொற்கள் இருக்கின்றன.

எங்கள் வீட்டில் அதற்குச் சோகம் ஒன்றும் இல்லை. தரையில் விழுந்த பூவைச் சாமிக்கு வைக்கக்கூடாது என்பார்கள். பவளமல்லிக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு. பாட்டியால் இப்போது குனிய முடியாது. பள்ளிப் பேருந்து வருவதற்குள் நான் பொறுக்கித் தருகிறேன். நாற்காலியில் உட்கார்ந்தபடி தட்டை வாங்கிக்கொண்டு அவர் தினமும் கேட்பது ஒன்றுதான்: "இன்னிக்கு மண்ணைத் தொட்டுப் பாத்தியா?"