காயலான் கடையில் பிறக்கும் நாலு கால் பூதம்

(நமது நிருபர்)

திருவனந்தபுரம்:

எழுதாத பால்பாயின்ட் பேனா, துணி கிழிந்த குடை, ஓடாத கைக்கடிகாரம், செத்துப்போன செல்போன். இவையெல்லாம் நம் வீடுகளில் பரண் மேலோ கட்டிலுக்கடியிலோ கிடப்பவைதான். எடைக்குப் போட்டால் ஒரு டீக்குத் தேறாது. ஆனால் இவற்றைக் கொண்டே, வேற்றுக் கிரகத்தில் நடைபோடும் ராட்சத இயந்திரம் ஒன்றைச் செய்து மேஜை மேல் நிறுத்திவிடலாம். சினிமாவுக்காகப் பிறந்த இந்தக் கற்பனைக்கும், நம்மவர் உயிரைக் குடிக்கும் சாக்கடைக் குழிகளுக்கும் ஒரு தொடர்பு உண்டு. அதுவும் இந்தத் திருவனந்தபுரத்திலேயே உண்டு.

யானையிடம் நடை பயின்ற இயந்திரம்

1980-ல் வெளிவந்த 'எம்பயர் ஸ்டிரைக்ஸ் பேக்' என்ற ஆங்கிலப் படம், 'ஸ்டார் வார்ஸ்' வரிசையில் இரண்டாவது. அதில் பனிவெளியில் நாலு கால் இரும்பு மிருகங்கள் வரிசையாக நடந்து வரும். திரையில் பார்த்தால் ஆறேழு மாடி உயரம். உண்மையில் அவை ஒன்றரை அடிக்குச் சற்றுக் கூடுதலான பொம்மைகள். பில் டிப்பெட், ஜான் பெர்க் முதலிய கலைஞர்கள் அவற்றின் காலை மயிரிழை நகர்த்தி ஒரு படம் பிடிப்பார்கள். மறுபடி நகர்த்தி இன்னொரு படம். ஒரு விநாடிக் காட்சிக்கு 24 படங்கள் வேண்டும். நடை இயற்கையாக வரவேண்டும் என்பதற்காக உயிருள்ள யானையை நடக்கவிட்டுப் படம் எடுத்துப் பார்த்தார்கள். உற்சவம்தோறும் யானை பார்க்கும் இந்த ஊர்க்காரர்களுக்கு அந்த நடை புதிதல்ல.

அந்தப் படங்களில் வரும் விண்கலங்களின் மேலே தெரியும் குழாய்களும் மூடிகளும் எங்கிருந்து வந்தவை தெரியுமா? கடையில் விற்கும் டாங்கி, விமானம், கப்பல் பொம்மைகளை வாங்கிப் பிரித்து, அவற்றின் சில்லறைப் பாகங்களை ஒட்டி வைத்தவை. பழையதைப் பிரித்துப் புதியது செய்யும் நம் ஊர் மெக்கானிக் வித்தைதான் அது.

செய்வது எப்படி?

உடலுக்கு ஒரு சோப்பு டப்பா போதும். தலைக்குத் தீப்பெட்டி. கால்களுக்குக் குடைக் கம்பியைவிடச் சிறந்த பொருள் கிடையாது. மடங்குவதற்கான மூட்டு அதில் ஏற்கெனவே இருக்கிறது. பாதங்களுக்கு மருந்து பாட்டில் மூடி. கடிகாரச் சக்கரங்களை மூட்டுகளின் மேல் ஒட்டினால் பார்வைக்குப் பல் சக்கரம்போல் இருக்கும். செல்போனுக்குள் இருக்கும் பச்சைத் தகட்டைத் துண்டு துண்டாக வெட்டி உடலில் பதிக்கலாம். ஆனால் செல்போன் பேட்டரியைக் குத்தவோ வெட்டவோ கூடாது, தீப்பிடித்துவிடும். அதை முதலிலேயே கழற்றி அப்புறப்படுத்துங்கள். ஒட்டுவதற்கு எம்-சீல் அல்லது அரால்டைட்.

இதில் மூன்று சூட்சுமங்கள் உண்டு.

முதலாவது, அளவு. ஒரு பக்கத்தில் குண்டூசியால் சின்ன ஏணி ஒன்றைச் செய்து, அதன் உச்சியில் அரிசி அகலத்தில் ஒரு கதவு வையுங்கள். ஏணியைப் பார்த்த கண், அதில் ஏறும் ஆளைத் தானே கற்பனை செய்துகொள்ளும். ஓரடிப் பொம்மை ஆறு மாடியாகிவிடும்.

இரண்டாவது, வர்ணம். சோப்பு டப்பா சிவப்பு, மூடி வெள்ளை, தகடு பச்சை என்று இருக்கும்வரை அது குப்பைதான். முழுவதற்கும் சாம்பல் வர்ணம் ஒரே பூச்சாகப் பூசுங்கள். அந்த நிமிஷமே பாகங்கள் மறைந்து இயந்திரம் தோன்றும். பிறகு கறுப்பு வர்ணத்தைத் தண்ணீராகக் கரைத்து இடுக்குகளில் ஓடவிட்டுத் துணியால் துடைத்தால், பல வருஷம் உழைத்த அழுக்கு வந்துவிடும்.

மூன்றாவதுதான் முக்கியம்: நிலை. நாலு கால் இயந்திரம் ஒரு காலைத் தூக்கும்போது மற்ற மூன்றும் தரையில் ஒரு முக்கோணம் போடுகின்றன. உடலின் எடை அந்த முக்கோணத்துக்குள் விழுந்தால் நிற்கும். வெளியே போனால் கவிழும். தலை கனமாகிவிட்டால் வால் பக்கம் இரண்டு நட்டுகளைப் போட்டுச் சரிசெய்ய வேண்டும்.

பொம்மை பெரிதானபோது

மலப்புரம் ஜில்லா குற்றிப்புறம் எம்.இ.எஸ். என்ஜினீயரிங் கல்லூரியில் படித்த சில இளைஞர்கள், சினிமாவில் வருவதைப்போல் மனிதன் உடம்பில் மாட்டிக்கொள்ளும் இயந்திரச் சட்டகம் ஒன்றைச் செய்ய முனைந்தார்கள். விமல் கோவிந்த், அருண் ஜார்ஜ், நிகில், ராஷித் ஆகியோர் அவர்கள். அது வேடிக்கை விளையாட்டாகவே முடிந்திருக்கலாம். ஆனால் 2015 நவம்பர் 26-ல் கோழிக்கோட்டில் பாதாளச் சாக்கடைக் குழியில் இறங்கிய ஆந்திரத் தொழிலாளர் இருவர் மூச்சு முட்டி இறந்தனர். காப்பாற்றப் போன உள்ளூர் ஆட்டோ டிரைவர் ஒருவரும் மாண்டார். நாட்டையே உலுக்கிய சம்பவம் அது.

இந்த இளைஞர்கள் 'ஜென்ரோபோட்டிக்ஸ்' என்ற கம்பெனியைத் திருவனந்தபுரத்தில் நடத்தி, 2018-ல் 'பாண்டிகூட்' என்ற இயந்திரத்தை வெளிக்கொண்டு வந்தனர். பாண்டிகூட் என்றால் நம் பெருச்சாளிதான். 'பந்திகொக்கு' என்ற தெலுங்குச் சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன வார்த்தை அது. இந்தப் பெருச்சாளி கால்களை மடக்கிக்கொண்டு குழிக்குள் இறங்கும்; உள்ளே காலை விரித்து ஊன்றி நிற்கும்; கையால் சகதியை வாளியில் அள்ளும். அதன் காமிரா காட்டுவதை மேலே நிற்பவர் திரையில் பார்த்து இயக்குகிறார். முன்பு குழியில் இறங்கியவர்களுக்கே அதை இயக்கப் பயிற்சி கொடுக்கிறார்கள் என்பது குறிப்பிடத்தக்கது. தமிழ்நாட்டில் 2018-லேயே கும்பகோணம் நகராட்சிக்கு இந்த இயந்திரம் போய்ச் சேர்ந்தது.

ஆனாலும் இயந்திரம் வந்துவிட்டது என்று நிம்மதி கொள்வதற்கில்லை. 2024 ஜூலை 13-ல் தம்பானூர் ரயில் நிலையத்துக்கு அடியில் ஓடும் ஆமையிழஞ்சான் தோட்டில் குப்பை அள்ள இறங்கிய தொழிலாளி ஒருவர் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டார். அவரைத் தேட இந்த நிறுவனத்தின் இயந்திரமும் இறக்கப்பட்டது. ஜூலை 15 காலையில் உடல்தான் கிடைத்தது. மனிதன் இறங்குவதற்கு முன்னால் போக வேண்டிய இயந்திரம், மனிதன் போன பிறகு தேடப் போயிற்று.

தெரிந்துகொள்ள வேண்டியவை

இங்கே துப்புரவு வேலையிலும் கான்டிராக்ட் வேலையிலும் இருக்கும் நம்மவர் சில விஷயங்களைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்புச் சாதனமின்றி ஆளைச் சாக்கடைக் குழியில் இறக்குவது குற்றம். முதல் தடவைக்கு இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி செய்தால் ஐந்து வருஷம் வரை, 5 லட்சம் வரை. அப்படி இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014-ல் தீர்ப்பளித்த சுப்ரீம் கோர்ட், 2023 அக்டோபர் 20-ல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. மேஸ்திரி "சும்மா அஞ்சு நிமிஷ வேலை, இறங்கப்பா" என்று சொன்னால் இதை நினைவில் வையுங்கள். விஷவாயுவுக்கு அந்த ஐந்து நிமிஷம் தேவையில்லை.

லீவு நாளில் பிள்ளைகள் பழைய குடையைப் பிரித்துப் போட்டு வீட்டைக் குப்பையாக்கினால் அடிக்கப் போகாதீர்கள். ஒரு ஸ்குரூடிரைவரும் ஒரு குறடும் வாங்கிக் கொடுங்கள். மூன்று காலில் நிற்கும் சூட்சுமத்தைச் சோப்பு டப்பாவில் கற்ற பிள்ளை, நாளை எந்த இயந்திரத்துக்குக் கால் கொடுக்கும் என்று யார் கண்டது? அதன் புண்ணியத்தில் ஒரு தகப்பன் குழியில் இறங்காமல் வீடு திரும்பினால், அந்தப் பழைய குடைக்கு வேறென்ன விலை வேண்டும்!